டோரிக் லென்ஸ் கண்ணுக்குள் திரும்பிக்கொள்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்ற கட்டத்தில் ஒரு எண் எழுதியிருந்தால், உங்களுக்கு உரிய கான்டாக்ட் லென்ஸ் டோரிக் லென்ஸ். மதுரையில் லென்ஸ் பொருத்துகிற வேலையில் இருப்பதால் நான் ஓயாமல் கேட்கும் புகார் இதுதான்: "காலையில நல்லா தெரிஞ்சது, மத்தியானம் பஸ் போர்டு படிக்க முடியலை, லென்ஸ் உள்ள சுத்திருச்சு போல." சில பேருக்கு அது உண்மை. சில பேருக்கு லென்ஸ் ஒழுங்காகத்தான் நிற்கும், கண் காய்ந்திருக்கும். அல்லது வலது லென்ஸ் இடது கண்ணில் இருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

சிலிண்டர் பவர் என்றால் என்ன? அதற்கு லென்ஸ் ஏன் நேராக நிற்க வேண்டும்?

கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இல்லாமல், ஒரு திசையில் கூடுதலாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் இருந்தால் வெளிச்சம் ஒரே புள்ளியில் குவியாது. எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தெரியும், இரவில் தெருவிளக்கைச் சுற்றி ஒரு பக்கமாக வெளிச்சம் இழுத்துக்கொண்டு போகும். பாடப்புத்தகங்களில் இதைச் சிதறல் பார்வை, உருப்பிறழ்ச்சி என்றெல்லாம் எழுதுகிறார்கள். கடைக்கு வருபவர்கள் சொல்வது சிலிண்டர் பவர் என்றுதான். 1801-லேயே தாமஸ் யங் என்ற ஆங்கிலேயர் தன் கண்ணிலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார், புதிய வியாதி ஒன்றும் இல்லை.

இதைச் சரிசெய்யும் பவர் லென்ஸில் ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் இருக்கும். அந்தத் திசைதான் சீட்டில் ஆக்சிஸ் என்று 1 முதல் 180 வரை உள்ள எண்ணாக வருகிறது. மூக்குக் கண்ணாடி காதில் மாட்டி ஃபிரேமில் இறுகி இருப்பதால் அது திரும்ப வழியில்லை. கான்டாக்ட் லென்ஸ் கண்ணீரில் மிதக்கிறது, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் அசைகிறது. சாதா பவர் லென்ஸ் எத்தனை சுற்று சுற்றினாலும் உங்களுக்குத் தெரியாது, அதில் திசை கிடையாது. டோரிக்கில் தெரிந்துவிடும்.

எவ்வளவு திரும்பினால் பார்வை கெடும்?

5 டிகிரி திரும்பினால் உங்கள் சிலிண்டரில் ஏறக்குறைய 17 சதவீதம் சரியாகாமல் மிஞ்சும். 10 டிகிரிக்கு 35 சதவீதம். 20 டிகிரி என்றால் மூன்றில் இரண்டு பங்கு. 30 டிகிரி திரும்பிவிட்டால், சிலிண்டரே இல்லாத லென்ஸைப் போட்டால் எவ்வளவு மிஞ்சுமோ அதே அளவு மிஞ்சி நிற்கும், அதுவும் வேறு ஒரு கோணத்தில்.

இதில் கவனிக்க வேண்டியது, பாதிப்பு உங்கள் சிலிண்டரைப் பொறுத்தது. 0.75 சிலிண்டர்காரருக்கு 10 டிகிரி திரும்பினால் கால் பவர்தான் மிஞ்சும், அவர் கவனிக்கவே மாட்டார். 2.25 உள்ளவருக்கு அதே 10 டிகிரியில் முக்கால் பவருக்கு மேல் மிஞ்சும், அவர் போர்டு படிக்கத் திணறுவார். அதனால் "என் ஃப்ரெண்டுக்கு இதே கம்பெனி லென்ஸ் சூப்பரா இருக்கு, எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று கேட்பதற்கு முன் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கண்ணுக்குள் அதை எது பிடித்து நிறுத்துகிறது?

இமை. எடை கூடிய பக்கம் கீழே இறங்கி நின்றுகொள்ளும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் பெரிய வேலையைச் செய்வது மேல் இமைதான். தர்பூசணி விதையை இரண்டு விரலால் அழுத்தினால் மெலிந்த முனையிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது அல்லவா, அதே கதை: லென்ஸின் தடித்த பகுதியை இமை தனக்கு அடியிலிருந்து வெளியே தள்ளுகிறது, மெலிந்த பகுதி இமைக்கு அடியில் தங்கிவிடுகிறது.

இதை வைத்து இரண்டு வகையாகச் செய்கிறார்கள். ஒன்று, லென்ஸின் கீழ்ப்பக்கத்தைத் தடிப்பாக வைப்பது. பயோஃபினிட்டி டோரிக் மாதிரி லென்ஸ்கள் இந்த வழி. இன்னொன்று, மேலும் கீழும் மெலிதாக வைத்து, இமைக்கு நடுவே திறந்திருக்கும் பகுதியில் தடித்த இடங்கள் வருமாறு செய்வது. அக்யூவ்யூவின் டோரிக் லென்ஸ்கள் இந்தப் பக்கம் சேர்ந்தவை. எது உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் இமை எவ்வளவு இறுக்கம், கண் திறப்பு எவ்வளவு, இமை எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு நிற்பது இன்னொருவருக்கு நிற்காது. அதனால்தான் ட்ரையல் லென்ஸ் போட்டுப் பார்க்காமல் பெட்டியை விற்கிற கடையை நான் நம்புவதில்லை.

லென்ஸில் சின்னதாகக் கோடு தெரிகிறது. கீறலா?

இல்லை. கம்பெனியே போடும் அடையாளம். கீழே 6 மணி நிலையில் ஒரு கோடு, சிலதில் நெருக்கமாக மூன்று கோடு, சிலதில் மேலும் கீழும், சிலதில் இரண்டு பக்கவாட்டிலும் இருக்கும். லென்ஸ் கண்ணில் எப்படி நிற்கிறது என்று ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்ப்பவருக்கான அடையாளம் அது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். அந்தக் கோடு உங்கள் ஆக்சிஸ் இல்லை. ஆக்சிஸ் 20 என்றாலும் 160 என்றாலும், கீழே கோடு உள்ள லென்ஸில் கோடு கீழேதான் நிற்க வேண்டும். "எனக்கு 160, ஆனா கோடு நேரா கீழே இருக்கு, தப்பா குடுத்துட்டாங்க" என்று சண்டைக்கு வராதீர்கள்.

போடும்போதே சரியாக வைக்க ஏதாவது வழி உண்டா?

உண்டு, பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சாதாரண சோப்பில் கை கழுவி, பஞ்சு ஒட்டாத துணியில் நன்றாகத் துடையுங்கள். கை ஈரமாக இருந்தால் லென்ஸ் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும், அதோடு குழாய்த் தண்ணீர் லென்ஸில் படவே கூடாது (அதைப் பற்றிக் கீழே நிறைய இருக்கிறது). லென்ஸை ஆள்காட்டி விரல் நுனியில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விளிம்பு நேராக மேலே ஏறினால் சரி, வெளிப்பக்கம் தட்டு மாதிரி விரிந்தால் உள்வெளி மாறியிருக்கிறது. மாறிப் போட்ட டோரிக் லென்ஸ் உறுத்தும், அசையும், நிற்கவே நிற்காது.

அப்புறம் கோடு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, கீழ்ப்பக்கம் தடித்த வகை என்றால் கோடு கீழே வருமாறு போடுங்கள். கோணம் துல்லியமாக வர வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று மல்லுக்கட்ட வேண்டாம். தோராயமாகக் கீழே இருந்தால் போதும், மீதியை இமை பார்த்துக்கொள்ளும். லென்ஸ் உட்கார்ந்ததும் கீழே பார்த்து, மெதுவாகக் கண்ணை மூடி, நிதானமாகச் சிமிட்டுங்கள். இறுக்கி இறுக்கி மூடித் திறப்பதால் வேகமாக நிற்கும் என்று நினைப்பது தப்பு.

எப்போதும் வலது கண்ணில் ஆரம்பியுங்கள். சும்மா ஒரு பழக்கம்தான், ஆனால் வலதும் இடதும் மாறிப்போகும் பிரச்சினை பாதி இதிலேயே போய்விடும். இரண்டு கண்ணுக்கும் ஆக்சிஸ் வேறு வேறாக இருப்பவர்கள் மாற்றிப் போட்டுவிட்டு வந்து "லென்ஸ் திரும்பிருச்சு" என்று சொல்வது ரொம்ப சகஜம்.

போட்டு எவ்வளவு நேரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்?

நிறைய லென்ஸ்கள் சில நிமிடங்களில் நின்றுவிடும். 10, 15 நிமிடம் வரை பொறுக்கலாம். அதற்கு மேலும் கலங்கலாகவே இருந்தால் எடுத்து, சொல்யூஷனில் அலசி, உள்வெளி பார்த்து, எந்தக் கண்ணின் லென்ஸ் என்று பார்த்து, திரும்பப் போடுங்கள். லென்ஸ் போட்ட கையோடு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுக்காதீர்கள்.

கலங்கலாக இருக்கும்போது விரலால் திருப்பி விடலாமா?

எப்போதாவது ஒரு முறை என்றால் பரவாயில்லை. கையைக் கழுவிவிட்டு, லென்ஸைக் கொஞ்சம் வெள்ளை விழிப் பக்கம் நகர்த்தி விட்டுவிட்டால் அதுவே திரும்பி வந்து நிற்கும். லென்ஸ் போட்டிருக்கும்போது விடலாம் என்று எழுதியிருக்கும் கண்ணீர்ச் சொட்டு மருந்து ஒரு துளி விட்டு நாலு முறை சிமிட்டினாலும் பல நேரம் சரியாகிவிடும்.

ஆனால் தினமும் திருப்ப வேண்டியிருக்கிறது என்றால் விரல் தீர்வு இல்லை. நீங்கள் திருப்பி வைத்த இடத்தில் அது சில சிமிட்டலுக்குத்தான் நிற்கும், இமை தனக்குப் பிடித்த இடத்துக்கே கொண்டுபோய்விடும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: லென்ஸ் எப்போதும் ஒரே இடத்தில் சாய்ந்து நிற்கிறதா, இல்லை நிற்க இடமில்லாமல் அலைகிறதா? முதலாவது சுலபமாகத் தீரும். இரண்டாவதுக்கு லென்ஸையே மாற்ற வேண்டியிருக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கடை போர்டையோ தூரத்து நம்பர் பிளேட்டையோ பாருங்கள். நிழல் எழுத்து எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவில், காலை மாலை என்றில்லாமல் தெரிந்தால் சாய்ந்து நிற்கிறது என்று சந்தேகப்படலாம். தெளிவாவதும் கலங்குவதுமாக மாறினால் அலைகிறது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சிமிட்டியவுடன் கலங்கி, அப்புறம் மெல்லத் தெளிந்தால் லென்ஸ் தளர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். சிமிட்டியவுடன் ஒரு கணம் தெளிந்து, அப்புறம் மங்கினால் லென்ஸ் இறுக்கமாக இருக்கலாம், அல்லது மேற்பரப்பு காய்ந்துபோகிறது. இதைக் கவனித்து வந்து சொன்னால் லென்ஸ் பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.

எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தே நிற்கிறது என்றார்கள். லென்ஸ் சரியில்லையா?

லென்ஸ் நல்ல லென்ஸ்தான். ஆடாமல் ஓர் இடத்தில் நிற்பது நல்ல குணம், இடம் கொஞ்சம் தள்ளியிருக்கிறது, அவ்வளவே. அந்தத் தள்ளலைக் கணக்கில் எடுத்து ஆக்சிஸை மாற்றி ஆர்டர் போட்டால் போதும்.

கணக்கு இப்படி. எதிரே உட்கார்ந்து உங்கள் கண்ணைப் பார்ப்பவருக்கு, கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில் கோடு இருக்க வேண்டும். அது 7 பக்கம் நகர்ந்திருந்தால், எத்தனை டிகிரியோ அதை ஆக்சிஸோடு கூட்ட வேண்டும். 5 பக்கம் நகர்ந்திருந்தால் கழிக்க வேண்டும். வலது கண், இடது கண் இரண்டுக்கும் இதே விதி. சீட்டில் ஆக்சிஸ் 90, கோடு 7 பக்கம் 10 டிகிரி தள்ளியிருக்கிறது என்றால் 100 ஆக்சிஸ் லென்ஸ் வரவழைப்போம். அது அதே 10 டிகிரி திரும்பி நிற்கும்போது 90-க்குச் சரியாக வந்துவிடும். ஆக்சிஸ் 180-ஆக இருந்து 10 கூட்டினால் 190 என்று எழுத மாட்டோம், 10 என்று எழுதுவோம். புது லென்ஸ் பெட்டியில் சீட்டில் இல்லாத எண் இருக்கிறதே என்று பயந்து போன் செய்பவர்களுக்காக இவ்வளவு விளக்கம்.

கண்ணாடி முன் நின்று நீங்களே பார்க்கும்போது பக்கம் மாறித் தெரியும். அதனால் இந்தக் கணக்கை வீட்டில் போட்டு நீங்களே ஆர்டர் செய்ய வேண்டாம். கடிகாரத்தில் 6-க்கும் 7-க்கும் நடுவே 30 டிகிரி இருக்கிறது, கால்வாசி தூரம் கூட இல்லாத ஒரு நகர்வைக் கண்ணாடியில் கண்டுபிடிப்பது கஷ்டம், ஸ்லிட் லாம்பில்தான் அளக்க முடியும். 30 டிகிரிக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தால் நாங்களும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்க மாட்டோம், வேறு வகை லென்ஸுக்குப் போய்விடுவோம்.

அலைகிறது என்றால்?

முதலில் லென்ஸ் புதியதா, உள்வெளி சரியா, கண் காய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதெல்லாம் சரி என்றால் அளவு பொருந்தவில்லை. பேஸ் கர்வ் என்று பெட்டியில் 8.5, 8.7 மாதிரி ஓர் எண் இருக்கும், அதுதான் லென்ஸின் வளைவு. தளர்வான லென்ஸ் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஆடும். இறுக்கமான லென்ஸ் ஆடாது, ஆனால் ஒரு தடவை தேய்த்துத் திருப்பிவிட்டால் திரும்பி வர ரொம்ப நேரம் எடுக்கும். இரண்டுமே தொந்தரவுதான். நிறைய கம்பெனிகள் டோரிக்கில் ஒன்றோ இரண்டோ வளைவுதான் தருகின்றன, அதனால் வளைவை மாற்றுவதை விடக் கம்பெனியை, அதாவது நிறுத்தும் முறையை மாற்றிப் பார்ப்பதுதான் நடைமுறையில் நடக்கும்.

கண்ணாடிச் சீட்டை வைத்து ஆன்லைனில் ஆர்டர் போட்டால் என்ன?

கண்ணாடிப் பவரும் லென்ஸ் பவரும் ஒன்று இல்லை. கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, லென்ஸ் கண் மேலேயே இருக்கிறது. பவர் 4-க்குக் கீழே என்றால் வித்தியாசம் சின்னது. கண்ணாடியில் மைனஸ் 6.00, சிலிண்டர் மைனஸ் 2.00 என்று இருந்தால் லென்ஸில் அது ஏறக்குறைய மைனஸ் 5.50, சிலிண்டர் மைனஸ் 1.75 என்று ஆகும். அதோடு டோரிக் லென்ஸ்கள் பெரும்பாலும் 0.75, 1.25, 1.75, 2.25 என்று அரை அரையாகத்தான் வருகின்றன, ஆக்சிஸும் 10, 20, 30 என்று பத்துப் பத்தாக. உங்கள் சீட்டில் 1.50 சிலிண்டர், ஆக்சிஸ் 165 என்றிருந்தால் எது பக்கம் போவது என்று கண்ணில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். ஒரு தடவை பொருத்திப் பார்த்து எண்கள் முடிவான பிறகு அடுத்தடுத்த பெட்டிகளை எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பைக்கில் போனால், ஏசியில் உட்கார்ந்தால் மட்டும் கலங்குகிறது. லென்ஸ் திரும்புகிறதா?

காய்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் ரிங் ரோட்டில் கண்ணாடி மூடி இல்லாத ஹெல்மெட்டோடு போனால் லென்ஸ் இல்லாத கண்ணே எரியும். கம்ப்யூட்டரும் போனும் இன்னும் மோசம், அதைப் பார்க்கும்போது நாம் சிமிட்டுவதே குறைகிறது, சிமிட்டினாலும் பாதிதான் மூடுகிறோம். இமைதான் லென்ஸை நிறுத்துகிறது என்றேன் அல்லவா, இமை வேலை செய்யாவிட்டால் லென்ஸ் நிற்காது. வண்டியில் கண்ணாடி மூடி உள்ள ஹெல்மெட், ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்காத இடம், அவ்வப்போது முழுதாக மூடித் திறக்கும் சிமிட்டல். சொட்டு மருந்து இதற்கெல்லாம் அப்புறம்.

இன்னொன்று, சொல்யூஷன் பாட்டிலை ஸ்கூட்டர் டிக்கியில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கிக்குள் ஒரு மத்தியானம் கையை விட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

ஒருக்களித்துப் படுத்து டிவி பார்க்கலாமா?

பார்க்கலாம். கீழ்ப்பக்கம் தடித்த வகை லென்ஸ் கொஞ்சம் சாயலாம், எழுந்து உட்கார்ந்தால் நேராகிவிடும். அப்படியே தூங்கிவிடுவீர்கள் என்பதுதான் என் கவலை.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று லென்ஸ் போட்டுப் போகலாமா? குற்றாலத்துக்கு?

வேண்டாம், கண்ணாடியே போட்டுக்கொண்டு போங்கள். மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையிலிருந்தே தோல் பையில் தண்ணீரைச் சுமந்து வந்து பீய்ச்சுகிறார்கள், முகத்தில் படாமல் அந்தக் கூட்டத்துக்குள் நிற்க முடியாது. பட்டால் நல்லது என்றுதானே போகிறோம். லென்ஸ் போட்ட கண்ணில் அது படக்கூடாது.

குழாய், கிணறு, ஆறு, அருவி, நீச்சல்குளம், வீட்டு மேல்தொட்டி, எந்தத் தண்ணீராக இருந்தாலும் அதில் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். வெறும் கண்ணில் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. லென்ஸில் ஒட்டிக்கொண்டால் கருவிழியோடு மணிக்கணக்கில் உரசிக்கொண்டு கிடக்கும். அது தரும் புண் அபூர்வம்தான், ஆனால் வந்தால் வலி தாங்க முடியாது, மருந்து மாதக்கணக்கில் போகும், பார்வையே போகவும் கூடும். போதாததற்கு, உப்பில்லாத தண்ணீர் பட்டால் மிருதுவான லென்ஸ் கண்ணோடு இறுகி ஒட்டிக்கொள்ளும், டோரிக் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதிலேயே மாட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் பிடித்து இழுக்காதீர்கள். சொட்டு மருந்து விட்டு, தளர்ந்து அசைய ஆரம்பித்த பிறகு எடுத்து, அந்த லென்ஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

குளிப்பதற்கு முன்பும் கழற்றிவிட வேண்டும். குற்றாலத்தில் அருவிக்குக் கீழே நிற்பவர்களுக்கு லென்ஸ் கண்ணிலேயே இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பேன். கண் மையும் போடுவேன். பிரச்சினையா?

எண்ணெய் தேய்த்த அன்று கண்ணாடி போடுங்கள். கை கழுவினாலும் விரலில் பிசுக்கு இருக்கும், இமை ஓரத்திலும் இருக்கும், அது லென்ஸில் படிந்தால் அந்த மாதம் முழுக்க மங்கல்தான். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று விளக்கெண்ணெய், தாய்ப்பால் விடுகிற வழக்கம் இன்னும் இங்கே உண்டு. லென்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் அதைக் கைவிட்டுவிடுங்கள்.

மை போடலாம். லென்ஸைப் போட்ட பிறகு மை, லென்ஸைக் கழற்றிய பிறகு மையைத் துடைப்பது. இமையின் உள்விளிம்பில் இழுக்காமல் வெளிப்பக்கம் போடுங்கள். மிளகாய் அரிந்த கை, மசாலா பிசைந்த கை பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஒரு தடவை பட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு லென்ஸ் வேண்டும் என்பவர்கள் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்து நிற்கிறார்கள். டோரிக் என்றால் ட்ரையல் போட்டு, கோணம் சரிபார்த்து, தேவைப்பட்டால் ஆக்சிஸ் மாற்றி வரவழைக்க வேண்டும், ஒரு மாதமாவது கொடுங்கள். மணவறையில் ஓமப் புகை வேறு இருக்கிறது, பைக்குள் மூக்குக் கண்ணாடியும் இருக்கட்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கலர் லென்ஸில் பெரும்பாலும் சிலிண்டர் இருக்காது. போட்டோவில் கண் அழகாக இருக்கும், வந்தவர்கள் முகம் உங்களுக்குத் தெரியாது.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரிப் பயணம். போட்டுக்கொண்டே தூங்கினால்?

தூங்காதீர்கள். லென்ஸோடு தூங்குவது கருவிழியில் கிருமித் தொற்று வரும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது. ஆடுகிற ரயிலில், அந்த வாஷ்பேசினில் கை கழுவிக் கழற்றவும் வேண்டாம். வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியோடு ஏறுங்கள், காலையில் எழும்பூரில் இறங்கி, போகிற இடத்தில் நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு வருடமாக நன்றாக இருந்தது, இப்போது நிற்கவில்லை. என்ன ஆயிற்று?

மாத லென்ஸை இரண்டு மாதம் இழுக்கிறீர்களா? பெரும்பாலும் இதுதான். படிவு சேர்ந்த லென்ஸில் இமை ஒட்டி இழுக்கும், கோணம் கலையும். "மாசத்துல பத்து நாள்தான் போட்டேன்" என்பது கணக்கில் வராது, பாக்கெட்டைப் பிரித்த நாளிலிருந்துதான் மாதம். எப்போதாவது போடுபவர்களுக்குத் தினம் ஒன்றாகத் தூக்கிப்போடும் டோரிக்தான் சரி. மாத லென்ஸ்காரர்கள் கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து சொல்யூஷனோடு தேய்த்து அலச வேண்டும், டப்பாவில் பழைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், டப்பாவையே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். பழையதன் மேலேயே ஊற்றுவது மிச்சம் பிடிக்கும் வழி இல்லை.

லென்ஸ் புதிது, சுத்தம், ஆனாலும் இப்படி என்றால் பவரே மாறியிருக்கலாம். சின்ன வயதில் சிலிண்டரும் ஆக்சிஸும் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தால், அதுவும் கண்ணைக் கசக்குகிற பழக்கம் இருந்தால், கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைக்கும் கெரட்டோகோனஸ் இருக்கிறதா என்று டோபோகிராபி (கருவிழியின் வளைவைக் காட்டும் படம்) எடுத்துப் பார்க்கச் சொல்லுவோம். லென்ஸ் கம்பெனியை மாற்றிக்கொண்டே நாளைக் கடத்தக் கூடாத விஷயம் இது.

எந்த டோரிக்கும் எனக்கு நிற்கவில்லை. வேறு வழி?

சிலிண்டர் 0.50 அளவில் இருந்தால் டோரிக்கே வேண்டாம், அதில் பாதியைச் சாதா பவரோடு சேர்த்துச் சாதா லென்ஸ் போட்டாலே பலருக்குப் போதும். அதிகம் உள்ளவர்களுக்குக் கெட்டி லென்ஸ் என்று நாங்கள் சொல்லும் ஆர்ஜிபி இருக்கிறது. கருவிழிக்கும் அதற்கும் நடுவே கண்ணீர் நிரம்பி வளைவு வித்தியாசத்தைச் சமன் செய்துவிடுவதால், சிலிண்டர் கருவிழியில் இருக்கும் வரை இது திரும்பினாலும் பார்வை கெடாது. ஆரம்பத்தில் உறுத்தும், பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், தூசியில் வேலை செய்பவர்களுக்குக் கஷ்டம். ஆனால் பார்வையின் கூர்மை என்று எடுத்துக்கொண்டால் நான் டோரிக்கை விட இதைத்தான் மேல் என்பேன், கேட்டு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கு வெள்ளை விழியில் தாங்கி நிற்கும் ஸ்க்லீரல் லென்ஸும் உண்டு.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசி, லென்ஸைக் கழற்றிய பிறகும் பார்வை மங்கலாக இருந்தால் அன்றைக்கே. இது கோணப் பிரச்சினை இல்லை. மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள், கிருமிப் புண்ணாக இருந்தால் அது தீயில் நெய். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் கையோடு கொண்டுபோங்கள், அதிலிருந்து கிருமியைக் கண்டுபிடிக்க முடியலாம். வயலில் நெல் தாளோ சோளத் தோகையோ கண்ணில் பட்டால் லென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே அவசரம்தான், இந்தப் பக்கத்தில் பூஞ்சைப் புண் அப்படித்தான் அதிகம் வருகிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கும்போது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

மறுபடி சரிபார்க்க வரும்போது எப்படி வர வேண்டும்?

லென்ஸைப் போட்டுக்கொண்டு வாருங்கள், அதுவும் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும். நிறைய பேர் டப்பாவில் வைத்து எடுத்து வந்து கடையில் போட்டுக் காட்டுகிறார்கள். அப்போதுதான் போட்ட லென்ஸ் ஒழுங்காகத்தான் நிற்கும், உங்கள் பிரச்சினை மத்தியானம் மூன்று மணிக்கு வருவது. எனவே அந்த நேரத்திலேயே வாருங்கள். வாசலில் நின்று கண்ணைத் தேய்த்துவிட்டு உள்ளே வராதீர்கள். சீட்டு, லென்ஸ் பெட்டி, கழற்றினால் போட்டுக்கொள்ள மூக்குக் கண்ணாடி மூன்றும் கையில் இருக்கட்டும். கண் சிவப்பாக இருந்தால் மட்டும் லென்ஸைக் கழற்றிவிட்டு, டப்பாவோடு வாருங்கள்.